மலையிலிருந்து இறங்கி ஒரு நாள்

(வத்தல்மலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை, மறுநாள் கோயில் சுற்றுலாவுக்கு முன்னுரையாக ஆற்றிய உரை)



சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் பேச வருகிறவன் பாடு எப்போதுமே கஷ்டம். அதிலும் இந்தக் குளிரில், சமையல் வாசனை இங்கே வரைக்கும் வரும்போது கேட்கவே வேண்டாம். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

நாளைக் காலை நாம் மலை இறங்குகிறோம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். தருமபுரி இங்கிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். பார்க்கப் போவது மூன்றே இடங்கள்: கோட்டைக் கோயில், அருங்காட்சியகத்து நடுகற்கள், அதியமான்கோட்டை ஓவியங்கள். "மூணு இடம்தானா?" என்று விழாக்குழுவில் ஒரு நண்பர் கேட்டார். ஒரே நாளில் பன்னிரண்டு கோயில் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். எந்தக் கோயிலில் எதைப் பார்த்தீங்கன்னு கேட்டால் புளியோதரை நல்லா இருந்த கோயிலை மட்டும் சரியாகச் சொல்லுவாங்க. நமக்கு மூன்று போதும்.

நம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறோம். விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேலூர், ஹளேபீடு போகிறோம். 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடங்கள் அவை. 1984-இல் சேர்ந்த மாமல்லபுரத்துக்குப் போகிறோம். 1987-இல் சேர்ந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் போகிறோம். போக வேண்டியதுதான். ஆனால் தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கி எத்தனையோ தடவை ஊருக்குப் போனவர்களில், கோட்டைக் கோயிலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். மனசுக்குள் எண்ணிக்கொண்டால் போதும்.

முதலில் கோட்டைக் கோயில். தருமபுரியின் பழைய பெயர் தகடூர் என்பது உங்களுக்குத் தெரியும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனைப் பாட்டில் மட்டும் வாழ்ந்தவன் என்று யாரும் ஒதுக்க முடியாது. 1981-இல் திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் ஒரு குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சி துறவிகள் தங்குவதற்குக் கொடுத்த உறைவிடம் அந்தக் குகை என்று அது சொல்கிறது. அசோகனின் கல்வெட்டு குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அந்த ஒற்றை வரிதான் விடை கொடுத்தது. நம் ஊர் அரசன் சமயத்துக்குச் செய்த கொடைகளில் நம் கைக்குக் கிடைத்த பழைய சாட்சி அது. வெறும் கல் படுக்கைதான். கோபுரம் கிடையாது, சிற்பம் கிடையாது.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து இங்கே வந்தவர்கள் நுளம்பர்கள். தலைநகரம் ஹேமாவதி. இன்றைக்கு அது ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. கி.பி. 893-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, மகேந்திர நுளம்பன் காலத்தில் தகடூரில் ஒரு சமணக் கோயில் எழுந்த செய்தியைச் சொல்கிறது. சைவம், வைணவம், சமணம் மூன்றும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் உள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலில் அந்த நுளம்பர் கைவண்ணத்தைப் பார்க்கலாம். உள்ளே போனதும் எல்லோரும் ஓடுவது தொங்கும் தூணைப் பார்க்கத்தான். அடியில் தரையைத் தொடாமல் நிற்கிற தூண். லேபாட்சியிலும் இப்படி ஒன்று உண்டு. இது மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நம் பழைய கல் மண்டபங்களில் சுண்ணாம்புச் சாந்தை நம்பிக் கட்டியது குறைவு. தூணுக்கு மேல் போதிகை, போதிகைக்கு மேல் உத்திரம், உத்திரத்துக்கு மேல் கூரைப் பலகை என்று ஒன்றின் கனம் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் தூண்கள் பாரத்தை வாங்கிக்கொண்டால் நடுவில் ஒன்று தரையை விட்டு நின்றாலும் மண்டபம் நிற்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! கைக்குட்டையை அடியில் விட்டு இழுத்துப் பார்க்காதீர்கள். ஆயிரம் பேர் இழுத்தால் கல்லும் தேயும்.

தூணைப் பார்த்தாயிற்றா? இனி விதானத்தைப் பாருங்கள். நுளம்பர் கோயில்களில் நடுவில் இறைவனையும் சுற்றி எட்டுத் திக்குக் காவலர்களையும் மேற்கூரையில் செதுக்குவது ஒரு மரபு. யானைமேல் இந்திரன், ஆட்டுக்கடாமேல் அக்கினி, எருமைமேல் யமன், மகரத்தின்மேல் வருணன். வாகனத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆளைக் கண்டுபிடித்தால் திசையைக் கண்டுபிடிக்கலாம். திசைகாட்டி இல்லாமலே கிழக்கு எது, மேற்கு எது என்று கற்றுத் தருகிற பாடப் புத்தகம் அது. இந்த நுளம்பர் கலையின் சிறப்பைப் பார்த்துத்தான் சோழர்கள் நுளம்பர் தூண்களைத் திருவையாறு வரைக்கும் கொண்டுபோனார்கள். ஐயாறப்பர் கோயிலில் அவை இன்றும் நிற்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நுளம்பர் சிற்பங்கள் இருக்கின்றன. வென்றவனே ஆசைப்பட்டு எடுத்துப்போன கலை நம் வாசலில் இருக்கிறது, நாம் வண்டியை நிறுத்துவதில்லை.

அடுத்து, பக்கத்திலேயே காமாட்சி அம்மன் சன்னதி. உயரமான மேடைமேல் இருப்பதால் படியேறித்தான் அம்மனைப் பார்க்க வேண்டும். எல்லோரும் படியேறி, கும்பிட்டு, குங்குமம் வாங்கி இறங்கிவிடுவார்கள். நீங்கள் கும்பிட்டு முடித்த பிறகு அந்த அடித்தளத்தை வெளியிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். யானைகள் தாங்குவதுபோல் அமைத்து, சின்னச் சின்னச் சிற்பங்களாக இராமாயணத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். சிவனும் அம்மனும் குடியிருக்கும் இடத்தில் இராமன் கதை! குனிந்து பார்க்க வேண்டும், பொறுமையும் வேண்டும். கதை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். மாணவர்கள் முதலில் கண்டுபிடித்துச் சொல்லட்டும். பெரியவர்கள் முந்தக்கூடாது.

இரண்டாவது, நடுகற்கள். கோயில் கட்டியவன் அரசன். நடுகல் எடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன், இவர்களுக்கு ஊர் எடுத்த கல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று இதற்கு ஆறு படிகள் இருப்பதைத் தொல்காப்பியமே சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கித் தெய்வமாக்கி வாழ்த்துவது வரைக்கும் முறை இருந்திருக்கிறது. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் பல்லவர் காலம் தொட்டு இப்படிக் கற்கள் நிறைய. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், எசமானோடு சேர்ந்து கள்வரைக் கடித்துப் போராடிய நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன். பெயரோடு எழுதிவைத்திருக்கிறார்கள். முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். மன்னனைப் பாடுவது எளிது, நாய்க்கு நன்றி சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும்.

மூன்றாவது, அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது. அங்கே காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே மண்டபத்து மேற்கூரை முழுக்க ஓவியம். பாரதமும் இராமாயணமும் வரிசை வரிசையாக ஓடுகின்றன. விஜயநகர, நாயக்கர் கால மரபு. காவிச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை என்று மண்ணும் கல்லும் கொடுத்த நிறங்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில் மல்லாந்து படுத்தோ சாரத்தில் சாய்ந்தோ வரைந்திருக்கிறான் ஒருவன். கழுத்து வலிக்கிறது என்று நாளைக்கு யாராவது சொன்னால் அவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் நான் இங்கே வந்தது வழிகாட்டிக் குறிப்பு வாசிக்க மட்டும் இல்லை.

கல்லுக்கும் ஓவியத்துக்கும் எதிரி படையெடுப்பு மட்டும் இல்லை. மேற்கூரையில் ஒரு விரிசல், அதில் மழைத்தண்ணீர் கசிந்தால் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு ஓவியத்தோடு உதிர்ந்துவிடும். விளக்குப் புகை படிந்தால் முகம் மறையும். திருவிழாவுக்கு வெள்ளையடிக்கிற உற்சாகத்தில் ஒரு நூற்றாண்டு மறையும். கல்லைப் 'புதுசாக்க' மணலைக் காற்றழுத்தத்தில் அடித்தால் அழுக்கோடு கல்லின் தோலும் போகும், எழுத்தும் போகும். எல்லாம் பக்தியோடுதான் நடக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவன் இடித்தால் தடுக்கலாம். நல்லவன் தெரியாமல் அழித்தால் யார் தடுப்பது? ஒரு கிராமத்தில் வீரன் கல்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், "அம்மா, இது யார் கல் தெரியுமா?" என்று கேட்டேன். "எங்க மாமியார் காலத்துலருந்து இங்கதான் துவைக்கிறோம் சாமி, யாரும் சொல்லலையே" என்றார். அந்தப் பதிலில் அவர் தப்பு எதுவுமில்லை. சொல்லாதது படித்த நாம்தான்.

இன்னொன்று. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று மேலே சிற்றூர்கள். வாழ்கிறவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று இந்தக் கிழக்கு மலைகளில் வாழும் அவர்கள் வழிவழியாகச் சொல்வதுண்டு. காஞ்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காமாட்சி. கீழே தருமபுரியிலும் காமாட்சி. இரண்டையும் முடிச்சுப் போட்டு நான் சரித்திரம் எழுதவில்லை. நாளை அந்தச் சன்னதியில் நிற்கும்போது மலை ஜனங்களின் இந்தக் கதையும் உங்கள் காதில் ஒலித்தால் நல்லது என்பதுதான் என் ஆசை. மரத்தடியில் நட்ட கல்லும் கோயில்தான். அதற்கு டைல்ஸ் ஒட்டிச் சிமெண்ட் கோபுரம் வைத்துத்தான் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே சங்கத்தின்முன் மூன்று கோரிக்கைகள். ஒன்று: ஆண்டுக்குப் பத்து மாணவர்களுக்கு இந்த மூன்று இடங்களையும் விளக்கிச் சொல்லப் பயிற்சி கொடுப்போம். செலவைப் பழைய மாணவர்கள் ஏற்போம். அந்தப் பத்துப் பேரில் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் கட்டாயம் இருக்கட்டும். இரண்டு: படிக்கிற தம்பி தங்கைகள் அவரவர் ஊரில் இருக்கும் நடுகல், கல்வெட்டு, பழைய ஓவியம் எதுவானாலும் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல்லை நகர்த்தாதீர்கள், கழுவாதீர்கள், வர்ணம் பூசாதீர்கள். மூன்று: வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது இந்த ஒரு நாள் சுற்றைக் காட்டுங்கள். இங்கிலீஷ் மீடியம் பேரனுக்கும் காட்டுங்கள்.

போளூர் பக்கம் திருமலையில் ஒரு கல்வெட்டு உண்டு. எழினி என்ற முன்னோன் செய்வித்த சமண யட்சன், யட்சி உருவங்கள் பழுதுபட்டுக் கிடந்தபோது, அவன் வழிவந்த தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து வைத்தான் என்று அது சொல்கிறது. புதிதாகக் கட்டியவன் பெயர் கல்லில் ஏறுவது வழக்கம். நம் ஊர்க்காரன் ஒருவன், பழையதைக் காப்பாற்றியதற்காகக் கல்லில் ஏறியிருக்கிறான். அந்த வேலைக்குப் பெரிய படை வேண்டாம். பத்து மாணவர்கள் போதும்.

காலை ஏழு மணிக்கு பஸ். செருப்பைக் கழற்றுவதற்கு லேசானதாகப் போட்டுக்கொள்ளுங்கள், டார்ச் லைட் எடுத்துக்கொள்ளுங்கள், சரித்திரப் பெரியவர்கள் கழுத்துவலித் தைலமும் எடுத்துக்கொள்ளுங்கள்.