ஆறு பேரும் ஒரு ரகசிய விசையும்

நேயர்களே, பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், "அவன் சீட் போட்டு ஜெயிச்சுட்டான்" என்ற புகார் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. கணினி விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க சீட் போடுகிறவன் என்றே சொல்லலாம். அந்தப் பஞ்சாயத்தில் நான் யார் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

சீட் கோடு என்றால் விளையாட்டில் குறுக்குவழியைத் திறக்கும் ரகசிய விசை வரிசை. அவற்றில் பல பிறந்ததே எங்களைப் போன்றவர்களின் மேசையில்தான். ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர், கிராடியஸ் என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை வீட்டு விளையாட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1986-ல் வந்தது அது. சோதிப்பதற்காக விளையாடிப் பார்த்தால், அவருக்கே தாங்கவில்லை, அவ்வளவு கடினம். பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ஆயுதங்கள் கைக்கு வரும்படி தனக்கென ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். விளையாட்டு கடைக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். பால்டர்ஸ் கேட். கனடாவின் எட்மன்டன் நகரத்தில் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 1998 டிசம்பரில் ஐந்து குறுந்தகடுகளில் வெளிவந்த மாயாஜால சாகச விளையாட்டு. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ரே முசீகா, கிரெக் செஸ்சுக் இருவரும் மருத்துவம் படித்தவர்கள். நாயகனை நீங்கள் உருவாக்குகிறீர்கள். வழியில் சந்திக்கிறவர்களில் ஐந்து பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். மந்திரவாதியாகத் தொடங்கினால் உங்கள் உயிர்ப்புள்ளி நாலோ அதற்குச் சற்று மேலோதான். காட்டில் ஓர் ஓநாய் ஓரிரு கடியில் கதையை முடித்துவிடும். கூட்டாளி இறந்தால் கோயிலில் காசு கொடுத்து உயிர்ப்பிக்கலாம். நாயகன் இறந்தால் ஆட்டமே முடிந்தது.

ஆகவே முன்னால் நிற்கக் கவசம் போட்ட இரண்டு பேர், காயம் ஆற்ற ஒருவர், பொறிகளைக் கண்டுபிடிக்கத் திருட்டுக் கை ஒன்று, தூக்க மந்திரம் தெரிந்த ஒருவர். ஆரம்பக் கட்டத்தில் ஒரு கொள்ளைக் கூட்டத்தையே அந்தத் தூக்க மந்திரம் படுக்க வைத்துவிடும். குழுக் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு இல்லை. அந்த ஆட்கள்! காலிட், ஜஹைரா என்று ஒரு தம்பதி வருவார்கள். கணவர் திக்கித் திக்கிப் பேசுவார். அந்த அம்மாவோ எல்லோரையும் அதட்டுவார். ஒருவரை வெளியே அனுப்பினால் மற்றவரும் கிளம்பிவிடுவார். மின்ஸ்க் என்று ஒரு முரட்டு வீரன், பூ என்ற ஹாம்ஸ்டரைக் கூடவே வைத்திருப்பான். சுண்டெலி அளவுள்ள அந்தப் பிராணியை விண்வெளி ராட்சத ஹாம்ஸ்டரின் குட்டி வடிவம் என்று மனதார நம்புகிறவன். டைனஹீர் என்ற பெண்ணைச் சிறை மீட்க வேண்டும் என்பான். மின்ஸ்க் இருக்கும் அதே ஊரில் எட்வின் என்ற மந்திரவாதி, அதே டைனஹீரைக் கொன்று தா என்பான். இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்வது, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைப்பது மாதிரி.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு பழைய விளையாட்டைக் கொடுத்துப் பிழை தேடச் சொல்வோம். ஒரு பெண் இதை எடுத்துக்கொண்டாள். காலிட் தம்பதியோடு, வழியில் கிடைத்த சார், மான்டரான் என்ற இரண்டு கெட்டவர்களையும் சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சொந்தக் குழுவுக்குள்ளேயே கத்தி எடுத்துவிட்டார்கள். அவள் பொறுப்பாகப் பிழைப் பட்டியலில் எழுதிவைத்தாள்: "கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் தாக்குகிறார்கள். உடனே சரிசெய்யவும்." அது பிழை இல்லையம்மா, குணம் என்று சொல்லிப் புரியவைத்தோம். இன்னொன்றும் கேளுங்கள்: நீங்கள் நல்லது செய்து ஊரில் பெயர் வாங்கினால், கெட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகிவிடுவார்கள்.

இப்படி ஆட்களை மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் சீட் உதவுகிறது. 2012-ல் வந்த மேம்பட்ட பதிப்பில், அமைப்புக் கோப்பில் டீபக் மோட் என்ற வரியை 1 ஆக்கிவிட்டால் ரகசிய விசைகள் திறக்கும். கன்ட்ரோலோடு ஆர் அழுத்தினால் காயம் ஆறும். ஜே அழுத்தினால் நினைத்த இடத்துக்குத் தாவலாம். ஒய் அழுத்தினால் சுட்டிக்கு அடியில் நிற்பவர் செத்துவிழுவார். ஆரும் ஜேயும் என் செல்லங்கள். ஒரு குழுவைக் கலைத்து இன்னொன்றை முயன்று பார்க்கும்போது, நடந்த காட்டையே மறுபடி நடக்கும் அலுப்பைத் தீர்ப்பவை. ஒய் விசையை மட்டும் தொடாதீர்கள். எதிரி ஒரு தட்டில் சாகிறான் என்றால், மின்ஸ்க் எதற்கு, ஜஹைரா எதற்கு? தோற்பதற்கே பயமாக இருக்கிறது என்கிற நேயர்களுக்கு, 2016-ல் கதைப் பயன்முறை என்றே ஒன்று வந்துவிட்டது. அதில் குழுவில் யாரும் சாக மாட்டார்கள். ரகசியம் ஏதும் தேவையில்லை.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். போகுமுன் ஓர் எச்சரிக்கை: தாவும் விசை சில நேரம் கதையின் ஒரு கண்ணியையே தாண்டிவிடும். அதனால் முதலில் தனியாக ஒரு சேவ், பிறகுதான் சீட். மின்ஸ்கையும் எட்வினையும் ஒரே குழுவில் வைத்துக் கடைசி வரை கொண்டுபோனவர்கள் உங்களில் இருப்பீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.