கோட்டையைப் பார்த்தோம், ஆற்றங்கரையைப் பார்த்தோமா?



விடுமுறைக்கு எங்கே போகலாம் என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் வெனிஸ் என்றார்கள், அலெக்சாண்ட்ரியா என்றார்கள். பழைய துறைமுகம், கோட்டை, கலங்கரை விளக்கம், காட்டுக் கடற்கரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை அத்தனையும் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்திலேயே இருக்கின்றன. நான் கோலசிலாங்கூரைச் சொல்கிறேன்.

"அதுதான் பார்த்தாச்சே! குரங்குக்குக் கச்சான் கொடுத்தோம், இறால் சாப்பிட்டோம், வந்தோம்" என்பீர்கள். அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா?

புக்கிட் மெலாவாத்தி மலையில் நின்றால் ஆற்றின் வாயும் மலாக்கா நீரிணையும் கண்ணுக்குள் அடங்கும். ஈயம் ஏற்றி இறங்கும் படகு எதுவும் இந்தப் பார்வைக்குத் தப்ப முடியாது. அதனால்தான் இந்தச் சிறிய மலைக்கு இத்தனை சண்டை. மலாக்காவைத் தாக்க சிலாங்கூர் துணைபோனது என்று டச்சுக்காரர்கள் 1784இல் படையெடுத்து வந்து கோட்டையைப் பிடித்தார்கள். தங்கள் கவர்னர் ஜெனரல் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங் உதவியோடு கோட்டையை மீட்டார். 1871இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ குண்டு வீசியது. 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளும் இந்த மலையில்தான்.

மலையை விட்டு இறங்குங்கள். அடிவாரத்தில் 1987இல் அமைந்த இயற்கைப் பூங்கா. பாக்காவ் மரங்கள் நிற்கும் சதுப்புநிலம். சைபீரியக் குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் இந்தச் சேற்றில்தான் இரை தேடுகின்றன.

இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறுங்கள். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் ஒளி அது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. மின்மினி மரத்தில் மின்னினாலும் வளர்வது மரத்தில் அல்ல. அதன் புழு கரையோர ஈரமண்ணில், நீப்பா, ரும்பியா செடிகளுக்கு நடுவே சின்னச் சின்ன நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கரையை வழித்துச் செம்பனை நட்டால், சில காலத்தில் மரமும் இருண்டுபோகும். ஆற்றில் நல்ல நீர் குறைந்து உப்பு ஏறினாலும் ஆபத்துதான். பள்ளத்தாக்கில் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்தச் சிலாங்கூர் ஆற்றிலிருந்தே வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே ஆற்றோடு மேலே போனால் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை அதற்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். அங்கே ஒரு தோட்டத்தின் பெயர் தெனமாரம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் தென்னமரம்தானே! 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே வணிக முறையில் செம்பனை பயிரிட்ட இடம் அது. இந்த நாட்டின் செம்பனைத் தொழில் அங்கேதான் தொடங்கியது. அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. துரை எழுதினார், பரிசு வாங்கினார், அதில் குற்றமில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம்மவர்களின் கதையை எழுதியது யார்?

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் என்று வட சிலாங்கூர் தோட்டங்களில் பரவியவர்கள் அவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, பல லயங்கள் மறைந்தன, பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று பேரனுக்கு டச்சுக்காரன் பெயர் தெரிகிறது, தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயர் தெரியவில்லை. மின்னும் மரத்தைப் பார்க்கிறோம், அதை வளர்த்த கரையை மறந்துவிடுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கோலசிலாங்கூருக்குப் போகும்போது வண்டியில் பாட்டியையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நேரே மலைக்குப் போகாமல் தோட்டத்து வழியாகப் போங்கள். கோயில் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது, தீபாவளிக்கு யார் வீட்டில் கூடினார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். சொல்ல ஆளிருக்கும்போதே எழுதுங்கள். இரண்டு, சம்பானில் ஏறினால் கேமரா ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், ஆற்றில் குப்பை போடாதீர்கள்.

வெனிஸுக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் நம் வீட்டு வாசலில் இருக்கும் துறைமுகத்தை முழுதாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.