பிங் ஏறிடுச்சு டீச்சர்!

கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, தோழர்களே, கடைசி வரிசையில் தலையைக் குனிந்து ரெண்டு கட்டைவிரலாலும் போனைத் தட்டிக்கொண்டிருக்கிற என் அருமைத் தம்பிகளே! திரும்பிப் பார்க்காதீங்க, பாவம், மேட்ச் நடுவில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் தாய்மார்களிடம் ஒரு கேள்வி. தாயக்கட்டை உருட்டியவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா! சரி, சொல்லுங்கள். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ரெண்டு, மூன்று, நாலு விழுந்தால் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். ஏன்? ரெண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு முகம், ஒரு முகம் வெறுமை. மொத்தம் 16 விதமாக விழும். அதில் ரெண்டு, மூன்று, நாலு ஆகிய மூன்றும் சேர்ந்து 10 விதம். மற்ற நாலும் சேர்ந்தே 6 விதம்தான். அடிக்கடி விழுவதற்கு மறு ஆட்டம் கிடையாது, அரிதாக விழுவதற்கு உண்டு. யாரய்யா இந்தக் கணக்கைப் போட்டது? எந்த யுனிவர்சிட்டியில் படித்தான்? இதையே பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு என்று வைத்தால் பேரன் பேந்தப் பேந்த முழிக்கிறான். பாட்டி திண்ணையிலேயே பாஸ்!

நன்றி, நன்றி. கை தட்டலை ஒரு டீச்சருக்காக மிச்சம் வையுங்கள். தேனிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. அந்த அம்மா பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் டிரான்ஸ்ஃபர் வரும். வகுப்பில் ஒரு பையன் தூங்கி வழிகிறான். என்னடா என்றால், "ராத்திரி கேம்ல பிங் ஏறிடுச்சு டீச்சர், 90 காட்டுச்சு, அதான் செத்துட்டேன்" என்கிறான். வேறு யாராக இருந்தாலும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்கள். இந்த அம்மா கேட்டார்: "90 என்னது? கிலோவா, மீட்டரா?" பையன் முழித்தான். மில்லி விநாடி. உன் விரல் தட்டியது சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப எடுக்கிற நேரம்.

சர்வர் எங்கே இருக்கிறது? சிங்கப்பூரில் என்றான். அட்லஸை விரித்தார்கள், நூல் பிடித்து அளந்தார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்ப 5,800. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வகுத்தால் 29 மில்லி விநாடி. மீதி 61 எங்கே போச்சு? கேபிள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகாது. நடுவில் டவர், ரவுட்டர், அங்கங்கே வரிசையில் நிற்கிற நேரம். பின் பெஞ்சிலிருந்து ஒரு பொண்ணு எழுந்தது. "புத்தகத்துல ஒளிக்கு 3 லட்சம்னு போட்டிருக்கே டீச்சர், நீங்க ரெண்டுன்னு சொல்றீங்க?" ஒளிவிலகல் எண் வகுப்புக்குள்ளே தானாக நடந்து வந்துவிட்டது! வெற்றிடத்தில் 3, கண்ணாடியில் 2, ஒன்றரை மடங்கு வித்தியாசம். சர்வர் மும்பையில் இருந்தால்? ஆயிரம் கிலோமீட்டர், போக வர 10 மில்லி விநாடி. அதற்குக் கீழே எந்தக் கோடீஸ்வரன் எத்தனை ரீசார்ஜ் செய்தாலும் இறக்க முடியாது. ஒளிக்குப் பணக்காரன் தெரியாது, சாதி தெரியாது!

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பிரமுகர் ஞாபகம் வருகிறார். வேண்டாம்... சரி, சொல்லிவிடுகிறேன். ஒரு விழாவில் ஒரு மணி நேரம் பேசினார். கேம் மூளையைத் தின்னும், தலைமுறை நாசம், போனை உடையுங்கள் என்றார். விழா முடிந்தது. காரில் ஏறினார். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கேண்டி க்ரஷ்! லெவல் எத்தனையோ, அது எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது. வாசலில் ஃபிளெக்ஸ்: ரோபோட்டிக்ஸ், கோடிங், ஏ.ஐ. ஆண்டு விழாவில் ஒரு ரோபோ வந்து கை ஆட்டும். அதற்குத் தனி ஃபீஸ்! கட்டுகிறவன் பிள்ளைக்கு ரோபோ, நம் பிள்ளைக்கு உபதேசமா?

விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் என்ன இல்லை? ஹைடெக் லேப் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் அறிவியலைச் செய்து பார்க்க வானவில் மன்றம் வந்தது, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. நல்ல திட்டம், நெஞ்சாரச் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில் கம்ப்யூட்டரெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டு, நடை சாத்திய கோயில் மூலவர் மாதிரி இருக்கின்றன. சாவி? ஹெச்.எம். மீட்டிங் போயிருக்கிறார். எப்போது திறக்கும்? எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்றும்போது திறக்கும்! ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள், உங்கள் சிரிப்பில் கண்ணீர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2018-லேயே லிட்டில் கைட்ஸ் என்று உயர்நிலைப் பள்ளிகளில் கணினி மன்றம் வைத்துவிட்டார்கள். ஒண்ணு ரெண்டு பள்ளி இல்லை, ரெண்டாயிரம் பள்ளிக்குப் பக்கம்!

தேனி டீச்சர் தன் பள்ளி லேப் சாவியை வாங்கிவிட்டார். எப்படி வாங்கினார் என்று கேட்காதீர்கள். ஸ்கிராட்ச் என்று ஒரு மென்பொருள். எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்டது, காலணா கிடையாது. திரையின் நடுவில் பூஜ்யம். வலது பக்கம் 240, இடது பக்கம் மைனஸ் 240. மேலே 180, கீழே மைனஸ் 180. ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒரு பந்தைத் துள்ள வைக்கிறாள். வேகம் 12, ஒவ்வொரு அடிக்கும் ஒன்று குறை. 12, 11, 10... பூஜ்யம். பந்து உச்சியில் நிற்கிறது. அடுத்தது மைனஸ் 1. பந்து இறங்குகிறது! "யாரும்மா இறக்கினது?" "வேகம் மைனஸ் ஆயிடுச்சு டீச்சர்." மைனஸ் என்றால் கடன் என்று நான் மனப்பாடம் செய்தேன். அந்தப் பிள்ளை மைனஸ் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டது!

கேமைப் போட்டியாக ஆடுகிற இ-ஸ்போர்ட்ஸ் என்றதும் ஆன்லைன் ரம்மி என்று பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரம்மியில் மகனைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்றவன் நான். பணம் கட்டி ஆடுவது வேறு, இது வேறு. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டமே ரெண்டையும் பிரித்தது. காசு ஆட்டத்துக்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். நம் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தச் சதுரங்கத்தை இன்றைக்கு எத்தனையோ பேர் திரையில்தானே ஆடுகிறார்கள்?

அதற்காக நம் பிள்ளைகள் எல்லாரும் சாம்பியன் ஆக வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஆரஞ்ச் கவுண்டி உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2018-ல் இ-ஸ்போர்ட்ஸ் லீக் தொடங்கினார்கள். அங்கே ஆடுகிறவன் மட்டும் அணி இல்லை. வியூகம் வகுக்கிறவள், போட்டியை நடத்துகிறவன், வர்ணனை சொல்கிறவன், எல்லாருக்கும் அதில் வேலை. நம் ஊரில் கபடிக்கு ஸ்கோர் போடுகிறவனுக்கே டீ கிடையாது!

சீட்டு வந்துவிட்டது. இது மூன்றாவது சீட்டு, செயலாளர் கோபமாகவே எழுதியிருக்கிறார். முடித்துக்கொள்கிறேன் ஐயா. ஏழாம் எண் ஸ்டாலில் ஒரு மனு இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் லேபைத் திறந்து வை, அதற்கு ஓர் ஆசிரியரைப் போடு, அவருக்கு ஊதியம் கொடு. மூன்றே வரி. போகிறபோது கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கேண்டி க்ரஷ் ஐயா அந்தப் பக்கம் வந்தாலும் பேனாவை நீட்டுங்கள், லெவல் முடிகிற வரை காத்திருந்து.