ப்ராசசர் கூலர்: வரவும் பற்றும்



கோடையில் வீட்டுக் கம்ப்யூட்டர் வேகம் குறைந்தாலோ, திடீரென்று தானே அணைந்தாலோ, ப்ராசசர் மேல் உள்ள கூலரைக் கவனியுங்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, தூசியைத் துடைத்து, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

அப்படியும் சூடு தணியாமல், பிள்ளைகள் புதுக் கூலர் கேட்டால், விலையோடு கட்டுமானத்தையும் பாருங்கள். 2014-ல் வந்த நாக்டுவா என்ஹெச்-டி15-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வரவுப் பக்கம்: ஆறு செம்புக் குழாய்கள், இரண்டு 140 மி.மீ. விசிறிகள். குழாய்க்குள் உள்ள சிறிதளவு திரவம் ஆவியாகி, தகடுகள் பக்கம் குளிர்ந்து, திரும்பி வருகிறது. குழாயும் தகடும் பற்றவைக்கப்பட்டிருப்பதால் வெப்பம் எளிதில் கடக்கும், தகடும் ஆடாது.

பற்றுப் பக்கம்: உயரம் 165 மி.மீ. சின்னக் கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. உயரமான ராம் இருந்தால் முன்விசிறி இடிக்கும். எடை 1.3 கிலோ; வீடு மாறும்போது மதர்போர்டு படுத்த நிலையில் இருக்கும்படி கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் குலுங்கலில் போர்டு சேதமாகலாம்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் கேபினெட்டின் உள் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு நேரானால் மட்டும் பணம் கொடுங்கள்.