ஜெய் பீம் சொன்ன பீடித் தொழிற்சங்கத் தோழர்

(பாபு ஹர்தாஸ் நினைவு நாளையொட்டித் தென்காசியில் பீடித் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பீடி சுற்றும் அம்மாக்களே, அக்காக்களே, மாணவத் தோழர்களே, அனைவருக்கும் ஜெய் பீம்.

இந்த வணக்கத்தை 2021இல் வந்த திரைப்படத்தால்தான் நம் ஊரில் பலர் அறிந்தார்கள். ஆனால், இதை மக்களிடம் பரப்பிய பாபு ஹர்தாஸ் ஒரு பீடித் தொழிற்சங்கத் தலைவர் என்பது பலருக்குத் தெரியாது.

நாகபுரியை அடுத்த காம்ப்டியில் 1904இல் மகர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒப்பந்தக்காரர்களின் பிடியில் இருந்த மத்திய மாகாணப் பீடித் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1937இல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி சார்பில் சட்டமன்றம் சென்றார். 1939 சனவரி 12 அன்று காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

அவரைப் போன்றவர்கள் ஏன் தனியாகச் சங்கம் கட்டினார்கள்? பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே நூலை வாயால் உறிஞ்ச வேண்டும் என்பதால் தலித்துகளை உள்ளே விடவில்லை. தடுத்தவர்களில் சக தொழிலாளிகளும் இருந்தார்கள். அதனால்தான் 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே தொழிலாளியின் பகைவர்கள் என்றார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். குற்றாலச் சாரலுக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்களில் திண்ணைதோறும் மடியில் சுளகு வைத்திருக்கும் பெண்களைப் பார்ப்பதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலை போதாவிட்டால் கைக்காசில் வாங்க வேண்டும். கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. பாஸ்புக் ஒருத்தி பெயரில் இருக்கும், சுற்றுவது இன்னொருத்தி. அப்படிச் சுற்றுகிறவளுக்குப் பிஎஃப் எங்கிருந்து வரும்?

வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவருக்கும் பிஎஃப் உண்டு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் தானாக நடந்து பீடிக்கடைக்கு வராது. "இந்தக் கட்டை ஏன் கழிச்சீங்க? கணக்கைக் காட்டுங்க" என்று கேட்க அங்கே ஒருவர் வேண்டும். அவர்தான் சங்கப் பிரதிநிதி. தன் பீடியைக் கொடுக்க வந்த இடத்தில் பக்கத்தில் நிற்பவளுக்காகவும் வாய் திறக்கிறவர். அதற்காக மறுநாள் தனக்கு மட்டும் மட்டமான இலை வந்தாலும் அடுத்த வாரமும் கேட்கிறவர். இப்படி இருபது, முப்பது ஆண்டுகள் கேட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஹர்தாஸை நினைப்பது அவர்களையும் நினைப்பதுதான்.

மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள். சட்டையில் நீலம் அணிவது நல்லது. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின் பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, பிஎஃப் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, நம் சங்க அலுவலக நாற்காலிகளில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பீடிக்கடையில் கேட்கும் கேள்வியைச் சங்கத்துக்குள்ளும் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கிறவரின் வாயிலிருந்து வரும்போதுதான் ஜெய் பீம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் உண்டு.

ஜெய் பீம்.