மன்றோ துரையின் நிருவாகம்
(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இறைவன் சந்நிதியில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். திருக்கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர் பலர் இங்கே கூடியிருக்கிறீர்கள். அந்நிலத்தின் நலம் உழுபவன் கையில் மட்டுமன்றித் தீர்வை விதிப்பவன் மனத்திலும் இருக்கிறது என்பது உங்களுக்கு நன்கு தெரியும். ஆகவே ஸர் தாமஸ் மன்றோவைக் குறித்துச் சில சொல்லுகிறேன்.

1761-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிளாஸ்கோ நகரிலே பிறந்த இவர், 1780-இல் கும்பினியாரின் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். வாள் பிடித்த கை பின்னர் நில அளவைச் சங்கிலியைப் பிடித்தது. 1792-இல் பாரமகால் சீமை கும்பினியின் வசமாயிற்று. அங்கே ரீடு என்னும் தலைவரின்கீழ் ஏழாண்டுகள் பணி புரிந்து, ஜமீன்தாரை நடுவில் நிறுத்தாமல் குடியானவனோடு நேரே கணக்குப் பேசும் ரயத்வாரி முறையைப் பழகினார்.

1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை முதலிய தத்த மண்டலங்களுக்கு முதன்மைக் கலெக்டராக இருந்தார். கூடாரமே கச்சேரி; ஊர் ஊராகச் சுற்றினார். பாளையக்காரரை அடக்கியதில் கடுமையும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அக்காலத்தில், மந்திராலயத்து மடத்தின் மானிய நிலத்தை விசாரிக்க வந்த அவர் பாதரட்சையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிருந்தாவனத்தின்முன் நின்றார் என்றும், ஸ்ரீ ராகவேந்திரர் அவர் ஒருவர்க்கே தரிசனந் தந்து உரையாடினார் என்றும், நிலம் மடத்துக்கே நின்றது என்றும் அடியார்கள் இன்றும் பக்தியோடு சொல்லிவருகின்றனர்.

அடியேன் வியப்பது வேறொன்று. 1807-இல் விடைபெறும்போது, தாமே அளந்து விதித்த தீர்வை மிகுதி என்றும், நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டும் என்றும் எழுதிவைத்தார். வருவாயைப் பெருக்கியே பெயர் வாங்கும் உத்தியோகத்தில் இப்படி எழுதுவார் எத்தனை பேர்? மேலிடம் இசையவில்லை. கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது. முதலில் மூன்றாண்டு, பிறகு பத்தாண்டு. குத்தகைதாரர் பலர் நொடித்தனர், குடிகளும் நலிந்தனர். 1820-இல் அவரே சென்னைக் கவர்னராக வந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் மறுக்கப்பட்ட அந்தக் குறைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

1822-இல், நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்கள் எத்தனை, அவற்றில் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கக் கலெக்டர்களைப் பணித்தார். இந்நாட்டவர்க்கு உயர்பதவி அளியாது விலக்கிவைப்பது அவர்தம் பண்பையே தாழ்த்தும் என்று 1824-இல் குறிப்பெழுதினார். கும்பினியின் ஊழியர் எழுதியது அது!

தாயகம் திரும்புமுன் தத்த மண்டலக் குடிகளை மீண்டும் ஒருமுறை காணச் சென்றவர், 1827 ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் நிற்கும் சிலையை யாவரும் கண்டிருப்பீர்கள். அங்கவடி இல்லாத குதிரை என்று வேடிக்கை பேசுவார்கள். அந்தச் சீமைக் குடியானவர்களோ, தங்கள் ஆண்மக்களுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயரிட்டு அழைத்தார்கள்.