கணனியை அழித்துப் பதிந்தாலும் உரிமம் உங்களுடையதே



வரிக் கணக்குப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணை, கணனியை அழிச்சுத் திரும்பப் போட்டோம். இப்ப விண்டோஸ் காசு கேக்குது. கட்டவோ?"

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். நீங்கள் வாங்கியது பாவிக்கும் உரிமை. அதே கணனியில் மீண்டும் பதிந்தால் அது போகாது. விண்டோஸ் 10, 11 பதியும்போது 25 எழுத்து இலக்கம் கேட்டால், 'என்னிடம் இல்லை' என்பதை அழுத்துங்கள். முன்பு ஹோம் இருந்தால் ஹோமையே தெரியுங்கள். இணையத் தொடர்பு கிடைத்ததும் அது தானாக அக்ரிவேற் ஆகும்.

தாய்ப்பலகையை மாற்றினால் கதை வேறு. விண்டோஸ் அதைப் புதிய கணனியாகவே பார்க்கும். கணனியோடு சேர்ந்து வந்த உரிமம் பொதுவாக அந்தக் கணனிக்கு மட்டுமே. தனியாக வாங்கியதென்றால், மாற்றுவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசொப்ற் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

ஒபிஸ் 2013 முதல், பெட்டியில் வரும் இலக்கத்தை ஒரு முறைதான் பதியலாம். பிறகு பதிந்த மின்னஞ்சல்தான் சாவி. எங்கட சனம் மாட்டுப்படுவது இங்கேதான். கடைக்காரரோ, வேறு நகரத்துக்குப் படிக்கப்போன மகனோ தன் மின்னஞ்சலில் பதிந்திருப்பார். அழிப்பதற்கு முன் கேட்டறிந்து, பற்றுச்சீட்டோடு எழுதி வையுங்கள்.

திரையில் தொலைபேசி இலக்கத்தோடு எச்சரிக்கை வந்தால் அழைக்க வேண்டாம். மைக்ரோசொப்ற்றின் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. அது மோசடிக்காரர் வேலை.

இரவு வேலை செய்து உழைத்த காசு. ஒரே பொருளுக்கு இரண்டு தரம் கொடுக்காதீர்கள்.